ஒரு கவர் உள்ளே, ஒரு கவர் வெளியே

மார்க்கு வாத்தியார் தன் வாழ்நாளில் பதினாறு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் போட்டார். அவற்றில் ஒன்றுகூட அவரிடம் மதிப்பெண் கேட்கவில்லை. ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று கூப்பிட்டார்கள், போனார். உள்ளே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஐந்து பேர் அவரை எடைபோட்டார்கள். அதற்கு முன்பே, வாசலிலிருந்து படியேறி வருவதற்குள், அவர் அவர்களை எடைபோட்டு முடித்திருப்பார். புள்ளியியல் ஆசிரியர் இல்லையா, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் இல்லாமல் எதுவும் அவர் மனதில் தங்காது. கூட வேலை பார்த்தவர்கள் அதனால்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

பதினாறோடு நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்பதை அவர் உயிரோடு இருந்தவரை வெளியில் யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் சங்கடப்பட்டிருப்பார். இப்போது பேசலாம்.

நேர்முகத் தேர்வு பத்து மணிக்கு என்றால் எட்டரைக்கே அந்த ஊரில் இருப்பார். வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு, உள்ளே போகும் ஆசிரியர்களைப் பார்ப்பார். இரண்டு மூன்று பேராகப் பேசிச் சிரித்துக்கொண்டு போனால் நல்லது. ஒவ்வொருவராக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்து ஓடினால் பத்து மதிப்பெண் அங்கேயே போயிற்று. அடுத்து அறிவிப்புப் பலகை. அதில் ‘கண்டிப்பாக’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவார். மூன்று வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் அது கல்லூரி இல்லை, காவல் நிலையம் என்பார். நூலகத்தில் தன் பாடப் புத்தகம் ஒன்றை உருவி, பின்னட்டையில் ஒட்டிய தாளில் கடைசியாகக் குத்திய தேதியைப் பார்ப்பார். ஓர் இடத்தில் அந்தத் தேதி அவருடைய கல்யாணத்துக்கும் முந்தையதாக இருந்தது. ஆசிரியர்கள் அறையில் மேசைகளுக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், எல்லாரும் பூட்டியே வைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். கழிப்பறையில் ஆசிரியர்களுடையது பளபளத்து மாணவர்களுடையது நாறினால் எட்டு குறையும். இரண்டும் நாறினால் நாலுதான் குறையும். ஏனென்றால் அது சமத்துவம்.

கடைசியாக அறைக்குள், “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்று அவர்கள் மரியாதைக்குக் கேட்பார்கள். மற்றவர்கள் இல்லை சார், நன்றி என்று எழுந்துவிடுவார்கள். இவர் மட்டும், இந்த இடத்தில் இதற்கு முன்னால் இருந்தவர் எங்கே போனார் என்று கேட்பார். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் இருபது மதிப்பெண் காலி.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள்.

“என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சீங்களா?”

“நான் விசாரிக்கல, சரி. நீயாவது விசாரிச்சிருக்கலாமே?” என்பார் அவர்.

இவ்வளவு பார்த்தவர்தான் மாட்டிக்கொண்டார். அதுவும் தன் காலால் நடந்து போய்.

அவர் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் புள்ளியியல் பிரிவையே மூடிவிட்டார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. மனைவிக்கு ஊரில் ஒரு மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு வரச் சொல்ல முடியாது. ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். டீக்கடை, பலகை, நூலகம், பூட்டு எல்லாம் பார்த்து அறுபத்து நான்கு போட்டார். மனதுக்குள் கொஞ்சம் நெருடல் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தவர், அந்த இடத்தை விட்டுப் போகிற ஆசிரியர். சுற்றிக்காட்டும் வேலையை அவரிடமே கொடுத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர். வெயிலும் மழையும் இல்லாத நாளிலும் கையில் குடை வைத்திருந்தார். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் நின்று, நிம்மதியான இடம், கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்றார்.

போகிறவனுக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது என்று மார்க்கு வாத்தியார் நினைத்தார். வருஷா வருஷம் வகுப்பில் அவரே நடத்துகிற பாடம் ஒன்று உண்டு. ஆற்றைக் கடந்து கரையேறியவர்களை மட்டும் கேட்டால் ஆறு முழங்கால் ஆழம் என்றுதான் கணக்கு வரும். மூழ்கியவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான். ஆகவே யாரைக் கேட்கிறோம் என்பதை முதலில் பார். அதைச் சொல்லிக்கொடுத்தவர், நடு ஆற்றில் கழுத்தளவு நின்ற ஒருவரைப் பிடித்து ஆழம் கேட்டுவிட்டார். போகிறவன் வேறு, போய்விட்டவன் வேறு. இது விளங்க அவருக்கு நான்கு நாள் பிடித்தது.

சேர்ந்த நான்காம் நாள், சரிபார்க்க என்று வாங்கிக்கொண்ட அசல் சான்றிதழ்களைத் திரும்பக் கேட்க அலுவலகத்துக்குப் போனார். பள்ளிச் சான்றிதழ் முதல் முனைவர் பட்டம் வரை எல்லாம் ஒரு பழுப்புக் கவருக்குள் இருந்தன. அந்தக் கவர் கிளார்க்கின் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. கிளார்க் பீரோவையும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போகும்போதுதான் சார் தருவாங்க.”

“போகும்போதுன்னா?”

“உங்க இடத்துக்கு ஒரு ஆள் வரணும். அவங்க கவர் உள்ள போனா உங்க கவர் வெளிய வரும். குடைக்கார சாரோடது முந்தாநாள்தான் போச்சு. மனுஷன் எவ்வளவு சந்தோஷமா போனாரு தெரியுமா?”

தாமதமாகச் சிரிப்பு வந்தது அவருக்கு. அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்த நாற்காலியின் முதுகில் ஒரு குடை மாட்டி மாட்டித் தேய்ந்த தடம் இருந்தது.

அந்த இடத்தை நடத்தியவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றார்கள். நிறுவனருடைய மகளைக் கட்டியவர். பதவியின் பெயர் பலகை கொள்ளாத நீளம், அதை யாரும் சொல்வதில்லை. மாமனார் படுத்த படுக்கையான பிறகு பீரோ சாவி அவர் இடுப்புக்கு வந்தது. குரலை உயர்த்திப் பேசாதவர். விடுப்பு கேட்டுப் போனால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, ஊர் உலகம் எல்லாம் விசாரித்துவிட்டு, இல்லை என்று சொல்லி அனுப்புவார்.

ஆறு வருடம் ஓடியது. சனிக்கிழமை இரவு வீடு, ஞாயிறு மாலை பஸ். இடையில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேறு ஊர்களில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தார். போகிற இடமெல்லாம் அசல் சான்றிதழ் கேட்டார்கள். நகலை நீட்டினால், “ஓ, அங்கயா இருக்கீங்க?” என்று பரிதாபமாக ஒரு சிரிப்பு. இருந்தாலும் மதிப்பெண் போடுவதை அவர் விடவில்லை. ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்று, அறுபது. காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வீடு பார்த்தது போலத்தான். மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது ஆனபோது ஒரு சனிக்கிழமை படுக்கை விரித்துக்கொண்டே, “அப்பா, நீங்க எந்தப் பக்கம் படுத்துப்பீங்க?” என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டாள். அவர் எந்தப் பக்கமானாலும் சரி என்றார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அந்த வருடம்தான் சொந்த ஊரிலேயே இருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் காலியானது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அவர் அதையும் விட்டுவைக்கவில்லை, டீக்கடையில் போய் நின்றார். இந்தத் தடவை ஒரு திருத்தம் செய்தார். அந்த இடத்தில் முன்பு இருந்து ஓய்வு பெற்றுப் போய்விட்ட ஓர் அம்மாளின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். அந்த அம்மாள் நாற்பது நிமிஷம் விடாமல் குறை சொன்னார். குடிதண்ணீர் சரியில்லை, வண்டி நிறுத்த நிழல் இல்லை, துறைத் தலைவர் கூட்டத்தில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்கக் கேட்க மார்க்கு வாத்தியாருக்கு மனம் குளிர்ந்தது. தண்ணீரைப் பற்றி நாற்பது நிமிஷம் பேச முடிகிறதென்றால் அதைவிடப் பெரிய துக்கம் அங்கே இல்லை என்று அர்த்தம். எழுபத்தொன்று போட்டார். அதுவரை அவர் யாருக்கும் எழுபது போட்டதில்லை.

வேலையும் கிடைத்தது. அசல் சான்றிதழ்களோடு இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் சொன்னது.

கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டினார். மாப்பிள்ளை முழுக்கப் படித்து, மடித்து, உறைக்குள் திரும்ப வைத்து நீட்டினார்.

“தாராளமா போங்க சார். நான் என்ன கதவையா பூட்டி வச்சிருக்கேன்? ஒரு ஆள் மட்டும் வரட்டும்.”

விளம்பரம் கொடுத்தார்கள். பத்து நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த இடத்தின் பெயர் அதற்குள் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருந்தது. பதினான்காம் தேதி காலை கிளார்க் வந்து, ஓர் அம்மா வந்திருக்கிறார், பதினொன்றரைக்கு நேர்முகத் தேர்வு, அதுவரை சுற்றிக்காட்டச் சொன்னார்கள் என்றார். பின்னாலேயே மாப்பிள்ளையின் போன் வந்தது. நல்லா காட்டுங்க சார், உங்க கவர் உங்க கையிலதான் இருக்கு என்றார்.

வந்திருந்த பெண்ணுக்கு முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்ததில் களைத்திருந்தாள். ஒரு வயதுக் குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். அவள் முதலில் கேட்டது பாத்ரூம் எங்கே என்றுதான். பயணம் செய்து வந்தவர் என்று நினைத்து ஆசிரியர்களுடையதைக் காட்டினார். போய்விட்டு வந்தவள், மாணவிகளுடையது எங்கே என்று கேட்டு அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. இது நம்ம ஆள்.

அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. அறிவிப்புப் பலகை அருகே வந்தபோது, தன்னையறியாமல் அதற்கு முன்னால் போய் மறைத்து நின்றுகொண்டார். அதில் அன்றைக்கு ஒன்பது ‘கண்டிப்பாக’ இருந்தன. அவள் பலகையைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த தேர்வறைப் பொறுப்புப் பட்டியலுக்கு முன்னால் நின்றாள். பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு ஒப்பிட்டாள்.

“இது போன வருஷத்துப் பட்டியல் சார். உங்க வெப்சைட்லயே இருந்துச்சு. இதுல முப்பத்தொரு பேர். சுவத்துல அவங்கள்ல பத்தொன்பது பேர்தான் இருக்காங்க. மத்த பன்னிரண்டு பேர் எங்க?”

அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமை கலந்த மகிழ்ச்சி. பதினாறு இடத்தில் பூட்டையும் பலகையையும் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, சுவரில் தொங்கிய இந்தக் கணக்கு கண்ணில் படவில்லை. பயம் அடுத்த மூச்சில் வந்தது. வேற வேலை கிடைத்துப் போயிருப்பார்கள் என்றார். ஒரே வருஷத்திலா என்றாள் அவள். அவர் படிக்கட்டைக் காட்டினார்.

படிக்கட்டில் ஏறும்போது அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். அந்தத் திருப்பத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதற்கு நேரே பார்த்தால் அலுவலகம்.

“நீங்க ஏன் சார் போறீங்க?”

இதற்குப் பதிலை இரண்டு நாளாகவே தயாராக வைத்திருந்தார். அதில் பொட்டுப் பொய் கிடையாது.

“குடும்பம் அங்க இருக்கு மேடம். பொண்ணு வளர்ந்துட்டா.”

அவள் தலையசைத்தாள். சரியான காரணம்தான் என்று முகம் சொன்னது. பொய்யே சொல்லாமல் தப்பித்துவிடலாம் போலிருந்தது. மேல் படியில் கால் வைத்தார்.

“சரி சார். குடும்பமும் இங்கயே இருந்தா போவீங்களா?”

ஒரு காரணத்தை அசையாமல் பிடித்து நிறுத்திவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவர் நடத்துகிற அத்தியாயம். கால் அதே படியில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் போதும். மூன்றே சொல். குடைக்காரர் மேல் ஆறு வருடமாக அவருக்கு இருந்த கோபம், அந்த நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்த மனிதனுக்கும் ஒரு மனைவி, ஒரு மகளோ மகனோ இருந்திருப்பார்கள் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

“மூணாவது வருஷம் எங்க அப்பா இறந்துட்டாரு” என்றார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. “பரீட்சை நேரம். ஹால்ல நின்னுக்கிட்டு இருந்தேன், பத்தேகாலுக்குச் சேதி வந்துச்சு. எனக்குப் பதிலா நிக்க ஆள் இல்லன்னுட்டாங்க. ஒரு மணிக்கு மணி அடிச்சு, விடைத்தாளை அடுக்கிக் கட்டி ஒப்படைச்சப்புறம்தான் கிளம்பினேன். நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.”

கீழே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அதுக்கப்புறமும் மூணு வருஷம் இருந்திருக்கீங்களே சார்.”

“சர்டிபிகேட் உள்ள இருக்கு மேடம். ஒரிஜினல். அதைக் குடுத்தா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.”

பீரோ, கவர், ஆளுக்கு ஆள் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது, அவள் தோளில் பின்னால் தொங்கிய பையை முன்னால் இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, நான் வந்தாத்தான் நீங்க போக முடியும்?”

“ஆமா.”

“எனக்கும் வேலை வேணும் சார். எட்டு மாசமா வீட்ல இருக்கேன்.”

“தெரியுது மேடம்.”

பதினொன்றரைக்கு உள்ளே போனாள். நடந்ததை, உள்ளே இருந்த அவருடைய துறைத் தலைவர் பிற்பாடு சொன்னார். எல்லாக் கேள்விக்கும் பிசகாமல் பதில் சொன்னாளாம். இப்போதே கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறார்கள். அசல் சான்றிதழை இங்கேயே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், நகல் தருகிறேன் என்றாளாம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, ஒரு நம்பிக்கைக்குத்தான் வாங்கி வைக்கிறோம் என்றிருக்கிறார். நம்பிக்கை இருந்தால் நகலே போதுமே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மார்க்கு வாத்தியார் வகுப்பில் இருந்தார். அவள் வாசலில் ஒரு நொடி நின்று, வர்றேன் சார் என்று கையால் சைகை காட்டிவிட்டுப் போனாள். அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வாய்பாட்டைப் பாதியில் மறந்துவிட்டார். முன்வரிசைப் பையன் ஒருவன் மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தான்.

மாலையில் மாப்பிள்ளை கூப்பிட்டனுப்பினார். டீ வந்தது.

“என்ன சார் காட்டுனீங்க அந்த அம்மாவுக்கு?”

“எல்லாத்தையும்.”

மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அப்ப இருங்க. எங்க போகப் போறீங்க? நானும் இங்கதானே சார் இருக்கேன்.”

அறைக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார். மறைக்க நினைக்கவில்லை. மறைத்திருக்கலாம், ஆள் பிடிக்காமல் போய்விட்டாள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நடந்ததை நடந்தபடி சொன்னார். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

“அந்தப் பொண்ணு ஒருதடவை கேட்டா, உடனே சொல்லிட்டீங்க” என்றாள் மனைவி. “நான் ஆறு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், எப்ப வருவீங்கன்னு. எனக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு நாளைக்குப் பள்ளியில் ஏதோ கூட்டம், அப்பா அம்மா இரண்டு பேரும் வரச் சொல்லியிருக்கிறார்கள், நான் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினைந்து போயிற்று, பதினாறு, பதினேழு போயிற்று. பாடம் நடத்தினார், விடைத்தாள் திருத்தினார். பதினெட்டாம் தேதி காலை கிளார்க் வந்து, இன்னொருவர் வந்திருக்கிறார் என்றார்.

இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதுப் பையன். முனைவர் பட்டம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சட்டையில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை. பழுப்புக் கவரைக் கையிலேயே வைத்திருந்தான், கொண்டுவரச் சொன்னார்களாம். அவனைப் பார்த்தவுடனே மார்க்கு வாத்தியார் தனக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். கேட்டால் சொல்வது. எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்வது. கேட்காவிட்டால்... அதை முடிக்காமலே விட்டுவிட்டு நடந்தார்.

அறிவிப்புப் பலகையை இந்தத் தடவை மறைக்கவில்லை. ஒதுங்கி நின்று, வேண்டுமென்றே செருப்பைச் சரிசெய்துகொண்டு, அவன் படிப்பதற்கு நேரம் கொடுத்தார். அவன் கட்டடத்தின் முகப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். “அம்மாவுக்கு அனுப்புறேன் சார். பெரிய இடமா இருக்கு” என்றான். பெரிய இடம்தான் என்றார். நூலகத்துக்குக் கூட்டிப் போய் ஒரு புத்தகத்தையே உருவிக் கையில் கொடுத்தார். அவன் முன்னட்டையைப் பார்த்துவிட்டு, இது எனக்குப் பிடித்த புத்தகம் என்று சொல்லித் திருப்பி வைத்தான். தேர்வறைப் பட்டியல் சுவரில்தான் இருந்தது. அதற்கு நேரே நின்று அவர் தன் பெயரைத் தேடுவது போலத் தேடினார். அவனுக்குப் பசி. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தான்.

படிக்கட்டுத் திருப்பத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், அவரே நின்றார்.

“தம்பி, ஏதாவது கேக்கணுமா?”

“இல்ல சார். நன்றி சார். வேலை கெடைச்சா போதும் சார்.”

அவர் இன்னும் ஒரு நிமிஷம் நின்றார். அவனும் மரியாதைக்கு நின்றான். பெரியவர் படியேறி இளைப்பாறுகிறார் என்று நினைத்திருப்பான். பிறகு இருவரும் இறங்கினார்கள்.

பன்னிரண்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. கிளார்க் பீரோவைத் திறந்தார். பையனுடைய கவரின் மேல் கறுப்பு மையில் பெயர் எழுதி, உள்ளே வைத்துவிட்டு, அடியிலிருந்து இன்னொரு கவரை உருவினார். ஆறு வருடத்தில் ஓரம் வளைந்து, பாச்சை உருண்டை வாசம் ஏறியிருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் அடித்துத் திருத்தப்பட்டு, ஓரத்தில் தலைமையாசிரியர் சின்னக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை அவர் மறந்தே போயிருந்தார்.

ஒரே பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எதிரெதிர்க் கட்டங்கள். அவருடைய பேனா எழுதவில்லை. பையன் தன்னுடையதை மூடி கழற்றி நீட்டினான்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தார்கள். கவரை இரண்டு கையாலும் பிடித்திருந்ததில் அவருக்கு விரல் வலித்தது. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவசரமும் இல்லை, அது ஏன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“சார், இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?” என்றான் பையன். வந்ததிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி.

மார்க்கு வாத்தியார் பேச ஆரம்பித்தார். பின்வாசல் வழியாகப் போனால் இடதுகைப் பக்கம் மூன்றாவது கடை, மதியம் ஒரு மணிக்கு முன் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு போனால் ஆறிப்போயிருக்கும். அறை எடுப்பதென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள தெருவில் எடு, மாடி வேண்டாம், வெயில் கொட்டும். மழைக்காலத்தில் மேற்கு ஜன்னல் ஒழுகும், மேசையை நகர்த்திப் போட்டுக்கொள். இரண்டாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசை கொஞ்சம் சத்தம் போடும், மிரட்டாதே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடங்கிவிடுவார்கள். கரும்பலகை துடைக்கிற துணியை நீயே வைத்துக்கொள். கிளார்க்குக்குப் பல்வலி உள்ள நாளில் எதுவும் கேட்காதே. புள்ளியியல் அட்டவணைப் புத்தகம் நூலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதை அலமாரியின் மேல்தட்டில் படுக்க வைத்திருப்பார்கள், தேடாதே, ஏணி போட்டு எடு. தலைவலி வந்தால் மருந்துக்கடை இந்தப் பக்கம். முடிவெட்ட அந்தப் பக்கம். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. ஆறு வருடத்தில் அந்த இடத்தைப் பற்றித் தனக்கு இவ்வளவு தெரியும் என்று அவருக்கே தெரியாது. மூச்சு வாங்கியது, நிறுத்த முடியவில்லை.

பையன் செல்போனை வெளியே எடுத்தான்.

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்” என்றான். “எழுதிக்கிறேன்.”